காலேஜ்வில்லுக்குப் போகும் வழி

முதல் நாள், புதன்கிழமை, செயின்ட் பால்

மினியாபொலிஸ் புறநகரில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் அமெரிக்கக் கால்பந்தை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. வைகிங்ஸ் அணி தோற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டிலிருந்து கேட்கும் பெருமூச்சோடு எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். அந்த வீட்டுப் பையன் காலேஜ்வில்லில் உள்ள செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கே ஃபுட்பால் அணியிலும் சேர்ந்து, இது மூன்றாவது ஆண்டு. அவனுடைய பெற்றோர் இந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு எங்களையும் அழைத்தார்கள். மீதமிருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் இன்னும் சில சிறு கல்லூரிகளையும் பார்த்துவிடலாம் என்று நானும் மனைவியும் கிளம்பியிருக்கிறோம். போகிற வழி என்பது ஒரு பேச்சுக்குத்தான்; நாளை பார்க்கவிருக்கும் ஊர் நேர் எதிர்த்திசையில் இருக்கிறது.

கல்லூரிக் கால்பந்து என்றதும் நினைவுக்கு வருபவை 1,07,601 பேர் அமரக்கூடிய மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கம் போன்ற பிரம்மாண்டங்கள். நான் எழுத வந்தது அவற்றைப் பற்றி அன்று. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-இல் மூன்றாம் பிரிவு என்று ஒன்றை ஏற்படுத்தியது. விளையாட்டுத் திறமைக்காக எவருக்கும் உதவித்தொகை தரக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி. ஏறத்தாழ 240 கல்லூரிகள் இந்தப் பிரிவில் ஃபுட்பால் ஆடுகின்றன. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்பக் கிடைக்கும் உதவி உண்டு. எதிராளியை மோதித் தள்ளுவதற்காக ஒரு டாலர்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் கறாரானவர். பையனின் கல்விக் கட்டணம் சலுகைகளுக்கு முன் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல், அவன் இதுவரை உடைத்துக்கொண்ட விரல் ஒன்று, தொழில்முறை அணிக்குப் போகும் வாய்ப்பு பூஜ்யம் என்று அவர் அடுக்கியபோது, பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அந்தக் கேள்வியோடுதான் இன்று மக்காலெஸ்டர் கல்லூரிக்குப் போனோம். கோஃபி அன்னான் படித்து 1961-இல் பட்டம் பெற்ற கல்லூரி என்றால் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். ஃபுட்பால் உலகில் அதன் பெயர் நிலைத்ததற்குக் காரணம் வேறு. 1974-இல் தொடங்கி 1980 வரை அந்தக் கல்லூரி அணி தொடர்ச்சியாக 50 ஆட்டங்களில் தோற்றது, அன்றைய என்.சி.ஏ.ஏ. வரலாற்றில் அவ்வளவு நீண்ட தோல்வித் தொடர் வேறில்லை. 1980 செப்டம்பர் 6-ஆம் தேதி மவுண்ட் சினேரியோ என்ற விஸ்கான்சின் கல்லூரிக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தி 17-14 என்று வென்ற பிறகுதான் அது முடிவுக்கு வந்தது. 1975-இல் சேர்ந்து 1979-இல் பட்டம் வாங்கிய ஒரு மாணவன், நான்கு பருவங்களும் விளையாடியிருந்தால், ஒரு வெற்றியைக்கூடப் பார்க்காமலே வெளியே போயிருப்பான். அவனுக்கு அடுத்த ஆண்டு சேர்ந்தவனுக்கும் அதே கதி.

மைதானத்தின் ஓரத்தில் நாய் ஒன்றை நடத்திக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், அந்த நாட்களில் தாம் அதே தெருவில் குடியிருந்ததாகச் சொன்னார். அரங்கில் கூட்டம் இருந்ததா என்று கேட்டேன். கூட்டம் இல்லை, ஆனால் வந்தவர்கள் ஒவ்வொரு வாரமும் வந்தார்கள் என்றார். யார் அவர்கள் என்று கேட்டதற்கு, எளிய கணக்கைக் கேட்கும் பெரியவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, "அவர்களுடைய அம்மாக்கள்" என்றார்.

அங்கிருந்து ஒரு மைல் மேற்கே நடந்தால் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம். மின்னசோட்டாவின் சிறு கல்லூரிகள் 1920 முதல் எம்.ஐ.ஏ.சி. என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து ஆடி வருகின்றன. தொடக்கக் காலத்திலிருந்தே அதில் இருந்த செயின்ட் தாமஸை 2019 மே மாதம் மற்ற கல்லூரிகள் கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றின. விதி மீறல் எதுவும் இல்லை. மாணவர் எண்ணிக்கையில் மற்றவற்றை விடப் பெரிதாக வளர்ந்து, எல்லா விளையாட்டுகளிலும் வென்றுகொண்டே இருந்ததுதான் காரணம். 2017-இல் அது செயின்ட் ஓலாஃப் கல்லூரியை 97-0 என்று தோற்கடித்திருந்தது. தோற்பதற்குத் தயாராக இருப்பவர்களுக்கும் ஓர் எல்லை இருக்கிறது போலும். 2021-இல் செயின்ட் தாமஸ் நேரடியாகப் பெரிய பல்கலைக்கழகங்கள் ஆடும் முதல் பிரிவுக்கே போய்விட்டது. இந்தக் கதையின் மறுபாதி காலேஜ்வில்லில் இருக்கிறது.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை, நார்த்ஃபீல்டு

தெற்கே ஒரு மணி நேரப் பயணம். இருபதாயிரம் பேர் வசிக்கும் இந்த ஊரில் இரண்டு கல்லூரிகள் ஆற்றுக்கு இருபுறமும் உட்கார்ந்திருக்கின்றன: நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் 1874-இல் தொடங்கிய செயின்ட் ஓலாஃப் மேற்கே குன்றின் மேல், 1866-இல் தொடங்கிய கார்ல்டன் கிழக்கே. ஊர்ச் சதுக்கத்தில் உள்நாட்டுப் போர் வீரர்களுக்கான நினைவுத்தூண் ஒன்றும் அதன் உச்சியில் ஒரு கழுகும் உண்டு. இரு கல்லூரிகளும் மோதும் ஆண்டு ஆட்டத்தில் எது வெல்கிறதோ அந்தக் கல்லூரியை நோக்கிக் கழுகைத் திருப்பி வைப்பது வழக்கம். நானும் மனைவியும் தூணின் அடியில் நின்று, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கால் மணி நேரம் வாதிட்டோம். திசை தெரியாதவர்களுக்கு நினைவுச்சின்னம் எதையும் சொல்லாது.

1977-இல் இங்கே நடந்த ஓர் ஆட்டம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அமெரிக்கா மெட்ரிக் அளவுமுறைக்கு மாறிவிடும் என்று நம்பப்பட்ட காலம். அதற்கான சட்டம் 1975-இல் நிறைவேறியிருந்தது. கார்ல்டனின் வேதியியல் பேராசிரியர் ஒருவர், இரு கல்லூரிகளும் மெட்ரிக் அளவில் ஓர் ஆட்டம் ஆடினால் என்ன என்று கேட்டார். இந்த ஆட்டத்தின் அடிப்படையே கஜக்கணக்குதான்: நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும், போனால் மறுபடி நான்கு முயற்சி, போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. அன்று பத்து கஜம் பத்து மீட்டராயிற்று. 100 மீட்டர் நீளத்துக்கும் 50 மீட்டர் அகலத்துக்கும் கோடு போட்டார்கள். ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு கஜம் கூடுதலாக ஓட வேண்டியிருந்ததற்கும் முடிவுக்கும் தொடர்பு உண்டா என்று சொல்ல முடியாது; செயின்ட் ஓலாஃப் 43-0 என்று வென்றது. என்.சி.ஏ.ஏ. வரலாற்றில் மீட்டரில் ஆடப்பட்ட ஒரே ஆட்டம் அதுதான். தொலைக்காட்சிக்கும் விளம்பரதாரருக்கும் பதில் சொல்ல வேண்டிய பெரிய பல்கலைக்கழகம் எதுவும் ஒரு வேதியியல் ஆசிரியரின் குறும்புக்கு மைதானத்தைக் கொடுத்திருக்காது.

செயின்ட் ஓலாஃபின் அணிப்பாட்டு மூன்று அடித் தாளத்தில் அமைந்தது. மற்றக் கல்லூரிகளெல்லாம் படை நடைக்கேற்ற தாளத்தில் பாட, இவர்கள் மட்டும் நம் திஸ்ர நடைபோல ஊஞ்சலாடிக்கொண்டு எதிரியை மிரட்டுகிறார்கள். பாடகர் குழுவுக்குப் பேர்போன கல்லூரி என்பதால் பாட்டில் அவர்களை வெல்ல ஆள் இல்லை.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, காலேஜ்வில்

மினியாபொலிஸிலிருந்து வடமேற்கே 130 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் வரும்போதே மரங்களுக்கு மேலே ஒரு கான்கிரீட் பலகை தெரியத் தொடங்குகிறது. மார்செல் ப்ராயர் வடிவமைத்து 1961-இல் கட்டி முடிக்கப்பட்ட மடாலயத் தேவாலயத்தின் மணிக்கோபுரம் அது. 112 அடி உயரம், நடுவில் சிலுவைக்கும் மணிகளுக்கும் திறப்பு. ஜெர்மன் குடியேறிகளுக்காக 1856-இல் மின்னசோட்டாவுக்கு வந்த பெனடிக்ட் சபைத் துறவிகள் மறு ஆண்டே கல்லூரியைத் தொடங்கினார்கள். இன்றும் கல்லூரியும் மடமும் ஒரே வளாகம். ஆண்கள் இங்கே, பெண்களுக்கான செயின்ட் பெனடிக்ட் கல்லூரி சில மைல்கள் தள்ளி, இரண்டுக்கும் இடையே ஓயாமல் பேருந்து ஓடுகிறது. ஏரி, மேப்பிள் காடு, பைன் மரங்கள். அந்த மரங்களுக்கு நடுவே நிலமே கிண்ணம்போலக் குழிந்த இடத்தில் கிளெமென்ஸ் அரங்கம்.

இந்தக் குழியில் ஜான் கலியார்டி 60 பருவங்கள் நின்றார். 1926-இல் கொலராடோவின் டிரினிடாட் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில், பள்ளி அணியின் பயிற்சியாளர் போருக்குப் போய்விட, அணியைக் கலைக்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றார். 1953-இல் துறவிகள் அவரை இங்கே அழைத்து வந்தபோது வயது 26. அவருக்கு முன்பிருந்தவர், தொழில்முறை ஆட்டத்தில் பெரும் புகழ் பெற்ற ஜானி மக்நாலி; இந்த இடத்தில் யாரும் வெல்ல முடியாது என்று எச்சரித்துவிட்டுப் போனார் என்பது இங்கே வழங்கும் கதை. முதல் ஆண்டே கலியார்டி கூட்டமைப்புப் பட்டத்தை வென்றார். 2012-இல் ஓய்வு பெற்றபோது அவருடைய மொத்த வெற்றிகள் 489. கல்லூரி ஃபுட்பாலில் எந்தப் பிரிவிலும் எந்தப் பயிற்சியாளரும் இதுவரை அந்த எண்ணைத் தொடவில்லை.

வெற்றிகளைவிட அவர் வேண்டாம் என்று விட்டவற்றின் பட்டியல்தான் வியப்பானது. பயிற்சியில் ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவது கிடையாது. விசில் கிடையாது. தண்டால், பஸ்கி கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கிடையாது. யாரையும் கத்தக்கூடாது. யாரும் அவரைக் கோச் என்று அழைக்கக்கூடாது, ஜான் என்றுதான் அழைக்க வேண்டும். தேர்வு என்ற பெயரில் யாரையும் வெளியே அனுப்புவதும் கிடையாது. சேர விரும்பியவர்களெல்லாம் அணியில் உண்டு என்பதால் 150 பேருக்கு மேல் சீருடை அணிந்து நின்ற ஆண்டுகள் பல. மற்ற அணிகள் உடற்பயிற்சி செய்யும் நேரத்தில் இவர்கள் புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்து, இன்றைக்கு எவ்வளவு நல்ல நாள் என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வார்கள். அதுவும் பயிற்சியின் ஒரு பகுதி. மூளைக்காயம் பற்றி நாடே பேசத் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன், சனிக்கிழமை ஆடவேண்டியவனைச் செவ்வாய்க்கிழமை ஏன் உடைக்க வேண்டும் என்ற எளிய நியாயத்தில் இதைச் செய்தார். இந்த விளையாட்டைப் பற்றி எனக்கிருந்த தயக்கங்கள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதை விரும்பிய ஒருவரே அதன் முரட்டுத்தனத்தில் பாதியைக் குறைத்துவிட்டு, எஞ்சியதை வைத்துக்கொண்டு எல்லாரையும்விட அதிகமாக வென்றார் என்பது என்னை யோசிக்க வைக்கிறது.

மாலையில் ஓரமாக நின்று பயிற்சியைப் பார்த்தோம். கலியார்டி 2018-இல் மறைந்துவிட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கேரி ஃபாஷிங்கின் அணி இது. நாங்கள் பார்த்த நேரத்தில் ஒருவனும் தரையில் விழவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எங்களைக் கண்டதும் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு வரிசைக்குத் திரும்பினான்.

நான்காம் நாள், சனிக்கிழமை, ஆட்டம்

ஆட்டம் பிற்பகல் ஒரு மணிக்கு. பத்து மணிக்கே வாகன நிறுத்தத்தில் அடுப்புகள் புகையத் தொடங்கிவிட்டன. பிராட் எனப்படும் ஜெர்மன் தொத்திறைச்சி, மடிப்பு நாற்காலிகள், வண்டியின் பின்கதவைத் திறந்து அதையே மேசையாக்கிய சிவப்புச் சட்டைக் குடும்பங்கள். சைவம் என்று நாங்கள் சொன்னதும் ஒரு பெண்மணி இரண்டாவது வார்த்தை இல்லாமல் எங்கள் தட்டுகளில் உருளைக்கிழங்கு சாலட்டைக் குவித்தார். இங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மகன் உண்டு, அல்லது மகன் ஆடி முடித்துப் பத்து ஆண்டுகளாகியும் இடத்தை விடாத பெற்றோர் உண்டு. பலருடைய மேற்சட்டைகளில் தட்டு அளவுக்குப் பெரிய பொத்தான் ஒன்று குத்தியிருக்கிறது; அதில் சீருடையுடன் அவரவர் பிள்ளையின் படம். பையனின் அம்மாவும் அணிந்திருந்தார்.

மூத்த ரசிகர்களிடம் செயின்ட் தாமஸ் என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தவர் கிளறுவதை நிறுத்தினார். இரண்டு கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கும் இடையிலான ஆட்டம் 1901-இல் தொடங்கியது. 2017-இல் அதை மினியாபொலிஸின் பேஸ்பால் அரங்கத்தில் நடத்தியபோது 37,355 பேர் வந்தார்கள்; மூன்றாம் பிரிவு ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. 2019-இல் செயின்ட் பாலில் உள்ள சாக்கர் அரங்கில், அதாவது நம்மூர்க் கால்பந்துக்கான அரங்கில், 19,508 பேர். அத்தோடு முடிந்தது. வெளியேற்றியவர்கள்மீது இவருக்குக் கோபம் இல்லை, செயின்ட் தாமஸ்மீதும் இல்லை. தம் மாமனாருடன் ஆண்டுக்கு ஒருமுறை சண்டை போட ஒரு நியாயமான காரணம் போய்விட்டதே என்பதுதான் வருத்தம். மாமனார் செயின்ட் தாமஸில் படித்தவர். இப்போது நன்றி நவிலும் நாள் விருந்தில் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசுகிறார்களாம்.

இன்னொருவர் 2003 நவம்பரை எங்களுக்கு ஆடிக் காட்டினார். பெத்தல் அணியை 29-26 என்று வென்று கலியார்டி 409-ஆவது வெற்றியோடு, அதுவரை அதிக வெற்றிகள் பெற்றிருந்த பயிற்சியாளர் எட்டி ராபின்சனின் சாதனையைக் கடந்த நாள். இந்தக் கிண்ணத்துக்குள் 13,000 பேருக்கு மேல் நின்றார்கள். அடுத்த மாதமே தேசிய இறுதி ஆட்டத்தில், 55 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத ஒஹையோவின் மவுண்ட் யூனியனை 24-6 என்று வீழ்த்தினார்கள். சொல்லி முடித்தபோது அவர் கையிலிருந்த பிராட் ஆறிப்போயிருந்தது.

இன்றைய எதிரணி தெற்கேயிருந்து பேருந்தில் வந்த இன்னொரு சிறு கல்லூரி. ஆட்டத்தைச் செயின்ட் ஜான்ஸ் அதிகச் சிரமமில்லாமல் வென்றது. மேட்டில் கறுப்பு அங்கியின்மீது சிவப்புத் துண்டு சுற்றிய துறவி ஒருவர் உட்கார்ந்திருந்தார். டச் டவுன் விழும்போதெல்லாம் கை தட்டாமல் தலையை மட்டும் ஆட்டினார். கச்சேரியில் முன்வரிசை ரசிகர் ஆட்டும் அதே ஆட்டம்.

ஆட்டத்தைவிட நான் அதிகம் பார்த்தது பையனின் அம்மாவைத்தான். பையன் லைன்மேன். பந்தைத் தொடுவது அவன் வேலையன்று; பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருபவர்களை மூன்று நான்கு விநாடிகள் மறித்து நிற்பதே அவன் வேலை. அவன் பெயர் ஒலிபெருக்கியில் வரவேண்டுமானால் அவன் தவறு செய்திருக்க வேண்டும். அந்த அம்மா தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. பந்து ஆகாயத்தில் பறக்கிறது, அரங்கமே கழுத்தைத் திருப்பி அதைத் தொடர்கிறது, இவருடைய தொலைநோக்கி மட்டும் பந்து கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது. நடுவர் விசில் ஊதியதும் குவிந்து கிடக்கும் உடம்புகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. மகனுடைய எண் எழுந்து, முழங்காலை மடக்கி நீட்டி, வரிசைக்கு நடந்தபின் தொலைநோக்கி ஒரு விரற்கடை தாழ்கிறது, ஒரு மூச்சு, மறுபடி உயர்கிறது. இப்படி ஒவ்வொரு முயற்சிக்கும்.

"ஏங்க, அந்தம்மா பந்தையே பார்க்கல" என்று என் மனைவி காதோரம் சொன்னாள். பிறகு சுற்றிலும் பார்த்தோம். பெரிய பொத்தான் குத்திய பலரும் அவரவர் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். களத்தில் இறங்க வாய்ப்பில்லாமல் ஓரத்தில் நிற்கும் முதலாண்டு மாணவர்களின் பெற்றோருக்கோ ஆட்டமே அந்த ஓரத்தில்தான் நடந்தது; தண்ணீர் குடிப்பதையும் தாடைப்பட்டையைக் கழற்றி மாட்டுவதையும் மூன்று மணி நேரம் பார்த்தார்கள். செயின்ட் பாலில் நாயோடு வந்த முதியவர் சொன்ன பதில் அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது.

முடிந்ததும் குடும்பங்கள் களத்துக்குள் இறங்கின. பையனின் விரல்களைச் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை அம்மா சின்னக் கத்திரியால் வெட்டிப் பிரித்தார். வேர்வையும் ரப்பர் துகளும் ஊறி அது பழுப்பாகியிருந்தது. பிரித்த பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பையனுக்குக் கூச்சம், எங்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான், கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. மேடேறி வண்டிக்கு நடக்கும்போது அந்த அம்மா கணவரின் பக்கம் திரும்பி, கடைசியில் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் வழியில்

இரவு மடத்தின் விருந்தினர் இல்லத்திலேயே தங்கினோம். காலைத் திருப்பலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போனார்கள். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, வடக்குச் சுவர் முழுவதும் தேனடைபோல அறுகோணங்களாக விரியும் வண்ணக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன் அகன்ற தோள்களோடு நான்கைந்து பையன்கள். மண்டியிட வேண்டிய இடத்தில் ஒருவன் மட்டும் மண்டியிடாமல் காலை நீட்டி உட்கார்ந்தான்.

துறவிகளின் பழைய செய்முறையில் செய்யப்படும் ஜானி பிரெட் என்ற கனத்த ரொட்டி இங்கே பெயர்போனது. இரண்டு வாங்கிக்கொண்டு பையனின் விடுதி வாசலுக்குப் போனோம். வலது காலைச் சற்று இழுத்துக்கொண்டே படியிறங்கி வந்தான். எப்போது அடிபட்டது என்று அப்பா கேட்டதற்கு, நினைவில்லை, ஏதோ ஒரு குவியலில் பட்டிருக்கும் என்றான்.

"மூன்றாம் கால்பகுதி" என்றார் அம்மா. "அவர்களுடைய இருபது கஜக் கோட்டுக்குப் பக்கத்தில், இரண்டாவது முயற்சி. உன் கூட்டாளி பின்பக்கமாக வந்து உன் காலின்மேல் விழுந்தான். நீ எழுந்து இரண்டு முறை காலை உதறினாய்."

பையன் யோசித்துப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்றான். அதற்குள் ஒரு ரொட்டியைக் கையாலேயே இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைத் தின்னத் தொடங்கியிருந்தான்.